அடுத்த லெவல் திண்டுக்கல் பூட்டுக்குள் இருக்கிறது

சரியான சாவி கையில் இருக்கும். துவாரத்தில் நுழையும், திரும்பவும் செய்யும். பூட்டு மட்டும் திறக்காது. எங்கோ ஓர் ஆணித்தலையை அழுத்தி, ஏதோ ஒரு தகட்டை நகர்த்தி, அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால்தான் வளையம் விடும். எந்த ஆணி, எந்தப் பக்கம், எது முதலில், எது அடுத்து என்பது செய்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. திண்டுக்கல் பட்டறைகளில் இதை டிரிக் பூட்டு என்பார்கள்.

இதே திணறலைக் காசு கொடுத்து வாங்குவதற்கு உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரத்தில் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2012-ல் ‘தி ரூம்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டது. திரையில் ஒரு பெட்டி இருக்கும். மரமும் பித்தளையும் கலந்த பழங்காலப் பெட்டி. விரலால் தடவித் தடவி ஒளிந்திருக்கும் குமிழைக் கண்டுபிடிக்க வேண்டும். மூடி நகர்ந்தால் சாவித் துவாரம் தெரியும். சாவி வேறொரு அறைக்குள் இருக்கும். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. பெட்டியும் ஆடுபவரும் மட்டும்தான். 2013, 2015, 2018 என்று அடுத்தடுத்து பாகங்கள் வந்தன. 2020-ல் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் வி.ஆர். பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் ‘கோஸ்ட் டவுன்’ என்ற வேறொரு கதைக்குப் போய்விட்டது. ரசிகர்கள் இன்னும் பழைய பெட்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஐந்தாவது பாகம் எப்போது என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி.

அவர்கள் ஏங்குகிற பொருள் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்ச காலத்துக்குத்தான் அது அங்கே கிடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீர்ந்துபோகும் விளையாட்டு

புதிர் விளையாட்டு ரசிகரின் பசி மற்ற விளையாட்டு ரசிகர்களின் பசியைப் போன்றதல்ல. செல்போனில் கிரிக்கெட் ஆடுகிறவர் ஒரே மைதானத்தில் ஆயிரம் மேட்ச் ஆடலாம். ஒவ்வொன்றும் வேறு மாதிரி முடியும். புதிரில் அது நடக்காது. விடை பிடிபட்ட நொடியிலேயே அந்தப் புதிரின் கதை முடிந்தது. மறுபடி ஆட வேண்டுமென்றால் மறந்தாக வேண்டும். நல்ல புதிரை மறக்கவும் முடியாது. பிடித்த விளையாட்டைத் தன் கையாலேயே தீர்த்துவிட்டு, இன்னும் இருந்தால் தேவலையே என்று நிற்பவர்தான் புதிர் ரசிகர்.

செய்கிறவர் பக்கம் கணக்கு இதைவிடக் கடினம். மாதக்கணக்கில் யோசித்து, எளிதாகவும் இல்லாமல் அநியாயமாகவும் இல்லாமல் அளந்து வைத்த ஒரு புதிரை ஆடுகிறவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ‘வெண்பா’. டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை கடைசியில் வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. எழுத்து அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் மேல்தட்டின் குழி கீழ்த்தட்டு இட்லியை நசுக்காது? புட்டுக் குழாயில் எதை முதலில் போடுவது? நம் வீட்டு அடுப்படியில் யாரும் புதிர் என்று நினைத்தே பார்க்காத விஷயங்கள், உலகெங்கும் உள்ளவர்களை யோசிக்க வைத்தன. 2024-ல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசையும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும் அது வாங்கியது.

ஒரு மாலைப் பொழுதுக்குள் ‘வெண்பா’வை ஆடி முடித்துவிடலாம். அதனால்தான் ஆடியவர்கள் எல்லோரும் இன்னும் நாலு சமையல் இருந்திருக்கலாமே என்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. சீரகச் சம்பாவில் ஆட்டுக்கறி பிரியாணி தம் போடுகிற ஒரு அத்தியாயம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பொடி அரிசி, தண்ணீர் ஒரு கை கூடினால் குழைந்துவிடும், குறைந்தால் நடுவில் அரிசியாகவே நிற்கும். 1957-ல் நாகசாமி நாயுடு என்பவர் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை போட்ட காலத்திலிருந்து இந்த அளவை வைத்தே ஊர் பேர் வாங்கியிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வெண்பா’வின் அளவு அதன் குறை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதைக்கு அவ்வளவுதான் நீளம். அதைச் செய்தவர்களைப் பிடித்து இழுத்து இன்னும் இன்னும் என்று கேட்பதைவிட, அது காட்டிக் கொடுத்த வழியில் அடுத்த ஆள் நடப்பதுதான் நியாயம். இட்லித் தட்டே புதிராக முடியும் என்றால், புதிராகவே பிறந்த பொருள் திண்டுக்கல்லில் இருக்கிறதே?

லீவர் ஐந்து, சாவி ஒன்று

சமவெளியில் தண்ணீர்ப் பஞ்சம். சுற்றுவட்டாரத்தில் கிடைத்த இரும்பு. திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் வேர்விட்டதற்கு இந்த இரண்டையும்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பரட்டை ஆசாரி என்ற பெயர் இந்தத் தொழிலின் ஆரம்பத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று பட்டறைகள் பரவின. வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலுமாக அரமும் சுத்தியலும் வைத்துச் செய்யும் வேலை. மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, சாவி திரும்பும்போது மணி அடிக்கும் பெல் பூட்டு, டிரிக் பூட்டு என்று வகைகள் ஐம்பதைத் தாண்டும். கோயில் கதவுகளுக்கும் கிடங்குகளுக்கும் திண்டுக்கல் பூட்டு கேட்டு வாங்கிய காலம் உண்டு. இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டை ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொரு லீவரையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பல்லில் உள்ள ஏற்ற இறக்கம் ஒவ்வொரு லீவரையும் அதற்கென்று வைத்த உயரத்துக்குத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே வரிசையில் வந்து நின்றால், தாழ்ப்பாளில் இருக்கும் சிறு முனை அவற்றின் ஊடே புகுந்து நகரும். ஒரு லீவர் மயிரிழை தாழ்ந்தாலும் நகராது, மயிரிழை உயர்ந்தாலும் நகராது. ஐந்து லீவர் பூட்டில் ஐந்து விடைகள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். ஏழு, ஒன்பது என்று கூடக் கூடத் திறக்கும் பாடும் கூடும். கையால் அரம் போட்டுச் செய்வதால் ஒரு பூட்டின் வெட்டு இன்னொன்றில் வராது. எந்த அச்சிலும் வார்க்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புதிரைச் செய்து கொடுக்கும் தொழில் இது. புது லெவல் வேண்டும் என்று காத்திருக்கும் ரசிகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பூட்டையும் புதிரையும் ஒன்றாகப் பார்ப்பது என் கற்பனை மட்டுமல்ல. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1790-ல் தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்தார். சாவியில்லாமல் இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியும் வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பூட்டு தோற்கவில்லை, பிராமாவே இறந்துபோனார். 1851-ல் லண்டன் மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதன் முன் உட்கார்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் போராடித் திறந்தார். ஒரே ஒரு லெவலை வைத்துக்கொண்டு அறுபது வருடம் தாக்குப்பிடித்த விளையாட்டு என்று இதைச் சொல்லலாம்.

அதே பயணத்தில் ஹாப்ஸ் திறந்த இன்னொரு பூட்டு, நமக்கு இன்னும் பயனுள்ளது. ஜெரமையா சப் 1818-ல் காப்புரிமை வாங்கிய ‘டிடெக்டர்’ லீவர் பூட்டு அது. கள்ளச்சாவி போட்டவன் ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். அடுத்த முறை உரிமையாளர் தன் சாவியைப் போடும்போது திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு தனியாகச் சரிசெய்துதான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தவறு செய்தவனுக்குப் பூட்டு பதில் சொல்கிறது. பெல் பூட்டின் மணியும் அப்படி ஒரு பதில்தான். புதிர் விளையாட்டு வடிவமைப்பின் அடிப்படையே இங்கேதான் இருக்கிறது. ஆடுகிறவர் தவறு செய்யும்போது விளையாட்டு என்ன சொல்கிறது என்பதை வைத்தே அவர் தொடர்ந்து ஆடுவாரா, சலித்து வைத்துவிடுவாரா என்பது முடிவாகிறது. எங்கே உதவி செய்வது, எங்கே ஏமாற்றுவது, எவ்வளவு ஒளிப்பது என்று பல தலைமுறையாக யோசித்தவர்கள் நாகல் நகர்த் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களைப் புதிர் வடிவமைப்பாளர்கள் என்று இதுவரை யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரசிகர்களே செய்த கதை

நிறுவனம் தரும் வரை காத்திருக்காமல் ரசிகர்கள் தாங்களே இறங்கிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2011 ஏப்ரலில் ‘போர்ட்டல் 2’ விளையாட்டை வெளியிட்டது. சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வரும் அபாரமான புதிர்கள். மூன்றாம் பாகம் இன்றுவரை வரவில்லை. அதன் கதாசிரியர்களில் ஒருவரான எரிக் வோல்பாவே தனக்கு அதைச் செய்ய ஆசை என்று 2022-ல் பேட்டியில் சொன்னார். அப்போதும் அறிவிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் 2012 மே மாதம் வால்வ் ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. ரசிகர்களே எளிதாகப் புதிர் அறைகளைக் கட்டிப் பகிரும் கருவியை இலவசமாகக் கொடுத்தது. லட்சக்கணக்கில் அறைகள் குவிந்தன. ரசிகர் குழுக்கள் அதோடு நிற்காமல் முழு விளையாட்டுகளையே கட்டின: 2015-ல் ‘போர்ட்டல் ஸ்டோரீஸ்: மெல்’, 2021-ல் ‘போர்ட்டல் ரீலோடட்’, 2024 ஜனவரியில் ‘போர்ட்டல்: ரெவல்யூஷன்’. ஏக்கம் அங்கே வேலையாக மாறியது.

நம்மிடம் அதற்கான கருவிகள் இல்லாமல் இல்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் இலவசம். விளையாட்டு கட்டும் கோடோ என்ஜினும் இலவசம். திண்டுக்கல்லைச் சுற்றி பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கடைசி ஆண்டு புராஜெக்ட் என்று எங்கோ வாங்கிவந்து ஒப்பிக்கும் மாணவர்கள், ஒரு பருவம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து ஒரே ஒரு பூட்டைப் பிரித்து, அளந்து, ஒவ்வொரு லீவரும் எப்படி எழுகிறது என்று கணினியில் கொண்டுவந்தால் போதும். ஐம்பது வகைப் பூட்டுக்கு ஐம்பது மாணவர்கள். விளையாட்டு வருகிறதோ இல்லையோ, முதலில் ஒரு ஆவணம் வந்துவிடும்.

அந்த ஆவணம் அவசரமானது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் புவிசார் குறியீடு காப்பது பெயரை. வேறு ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்க முடியாது. பூட்டுக்குள் இருக்கும் யோசனை காகிதத்தில் எங்கும் முழுதாக ஏறவில்லை. அது கைகளில் இருக்கிறது. அலிகாரிலிருந்து எந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து குவிந்த பிறகு, ஒரு நாள் முழுக்க அரம் போட்டுச் செய்யும் பூட்டுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். போவதில் தப்பும் இல்லை. ஒரு டிரிக் பூட்டின் சூட்சுமம் தெரிந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டால் அந்த டிரிக் அவரோடு போய்விடும். பிராமாவின் பூட்டுக்காவது ஒரு ஹாப்ஸ் வந்தார். நம் டிரிக் பூட்டுகளில் சில, இனி யாரும் திறக்கவே முயலாமல் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நிலைதான் இருக்கிறது.

சூட்சுமத்தை வெளியே சொன்னால் திருடனுக்கு வசதியாகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லீவர் பூட்டு வேலை செய்யும் விதம் இருநூறு ஆண்டுகளாக உலகத்துக்கே தெரிந்தது. ஆனாலும் அது பூட்டாகவே இருக்கிறது. காரணம், பாதுகாப்பு அந்தந்தச் சாவியின் வெட்டில் இருக்கிறது. அதை யாரும் வெளியிடப் போவதில்லை. டிரிக் பூட்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இன்னும் விற்பனையில் இருக்கும் வகையை விட்டுவிட்டு, செய்வது நின்றுபோன வகைகளை எடுத்துக்கொள்ளலாம். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை பட்டறைக்காரருக்கே இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். லண்டனின் அஸ்டூ கேம்ஸ் 2014-ல் ‘மானுமென்ட் வேலி’ என்ற அழகான புதிர் விளையாட்டை வெளியிட்டது. பத்து லெவல்தானா, இன்னும் கொடுங்கள் என்று ரசிகர்கள் கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் எட்டுப் புதிய லெவல்கள் வந்தன; விலை இரண்டு டாலருக்கும் குறைவு. உடனே ஒரு கூட்டம், இதற்குத் தனியாகக் காசா என்று ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் கொட்டியது. கேட்டு வாங்கியவர்களே அப்படிச் செய்தது அந்த நிறுவனத்தாரை மிகவும் புண்படுத்தியது. பூட்டுக் கடையில் நூறு ரூபாய் குறையுங்கள் அண்ணாச்சி என்று நிற்பவருக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த எட்டு லெவலுக்குப் பின்னால் எத்தனை மாத உழைப்பு இருந்ததோ, ஒன்பது லீவர் பூட்டுக்குப் பின்னாலும் அப்படி ஓர் உழைப்பு இருக்கிறது. இரண்டையும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது கடைசியாகக் கையில் வரும் சின்னப் பொருள் மட்டும்தான்.

ஆகவே திண்டுக்கல் பூட்டை வைத்து யாராவது விளையாட்டு செய்யப் புறப்பட்டால், பட்டறைக்கு ஒரு நாள் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவது சரியல்ல. சொல்லிக் கொடுக்கிறவருக்கு அந்த நாட்களின் கூலி தர வேண்டும். விளையாட்டு விற்றால் அதில் பங்கு வேண்டும். இரண்டையும் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் போட வேண்டும். தொழிலாளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. புவிசார் குறியீட்டுக்காக முன்னின்றதும் அதுதான். ஒப்பந்தம் பேச அது நல்ல இடம்.

கதைக்கு அலைய வேண்டியதில்லை. மலைக்கோட்டை மேலே இருக்கிறது, அதற்குள் பழைய வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது. கீழே ஒரு வணிகர் வீடு, அதில் யாரும் திறக்காத ஓர் இரும்புப் பெட்டி. முதல் அத்தியாயத்துக்கு ஐந்து லீவர் மாங்காய்ப் பூட்டே போதும்: லீவர் எழும் ஓசையை மட்டும் வைத்து, எது சரியான உயரத்தில் நிற்கிறது என்று ஆடுகிறவர் காதால் பிடிக்க வேண்டும். இரண்டாவதில் பெல் பூட்டு. மணி அடித்தால் வீட்டார் விழித்துக்கொள்வார்கள். டிரிக் பூட்டை மூன்றாவதுக்கு வைத்துக்கொள்ளலாம், சாவி கிடைத்துவிட்டது என்று ஆடுகிறவர் நிம்மதி அடைகிற நேரத்தில். பேச்செல்லாம் திண்டுக்கல் பேச்சாகவே இருக்கட்டும். ‘வெண்பா’வின் தமிழை உலகம் ஏற்றுக்கொண்டது, இதையும் ஏற்கும்.

அப்படி ஒன்று வந்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன். ஆடத் தொடங்குவதற்கு முன்பு, செய்தவர்கள் பெயர்ப் பட்டியலைத் திறந்து நாகல் நகர், நல்லாம்பட்டி பட்டறைக்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.